சரிவு நிலத்தில் மண் அரிப்பு: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

சரிவான விளைநிலத்தில் மண் அரிப்பு கண்ணில் படும் இடமும் அது தொடங்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். நிலத்தின் அடிப்பக்கம் பள்ளம் விழுந்துவிட்டால் அங்கேயே மண்ணையும் கல்லையும் கொட்டி மூடத்தான் கை போகும். அடுத்த பெருமழையில் கொட்டிய மண்ணும் சேர்ந்து போய்விடும். அந்தப் பள்ளத்தை உண்டாக்கிய நீர் எங்கிருந்து புறப்பட்டது, எந்த இடத்தில் ஒன்றுசேர்ந்தது, மண் ஏன் அதை உள்ளே வாங்காமல் விட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரை மண்வெட்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. கீழே உள்ள வழிமுறை அந்த விடைகளை அறிகுறியிலிருந்து பின்னோக்கித் தேடுகிறது. உங்கள் நிலத்தில் காணும் அறிகுறிக்கு நேராகச் செல்லலாம்; ஆனால் முதல் பகுதியில் சொல்லப்படும் சரிவு அளவீட்டை யாரும் தவிர்க்க வேண்டாம்.

தொடங்கும் முன்

இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான பலகை, ரசமட்டம், அளவு நாடா, ஒரு மெல்லிய இரும்புக் கம்பி, இரண்டு கண்ணாடிக் குவளைகள், கொஞ்சம் மழைநீர், சம இடைவெளியில் நூறு முடிச்சுகள் போட்ட கயிறு ஆகியவை போதும். பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்தில் தரையில் ஊன்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும் வரை மறுமுனையை உயர்த்திப் பிடித்து, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். உயரம் 18 சென்டிமீட்டர் என்றால் 200க்கு 18, அதாவது சரிவு 9 சதவீதம். நிலம் முழுவதும் ஒரே சரிவாக இருப்பது அரிது என்பதால் மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதிகளிலும் பல இடங்களில் அளந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைபேசிச் செயலியால் அளப்பவர்கள் அது காட்டுவது பாகையா சதவீதமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். 45 பாகைச் சரிவு 100 சதவீதம். 9 பாகைச் சரிவு ஏறக்குறைய 16 சதவீதம். இந்தக் குழப்பம் சிறிய பிழையாகத் தோன்றலாம். ஆனால் 9 பாகையை 9 சதவீதம் என்று எழுதிவிட்டால், பின்னர் செய்யும் கணக்கில் அரிப்பு அபாயம் உண்மையில் உள்ளதில் பாதிக்கும் குறைவாக வந்து நிற்கும்.

நிலத்தைப் பார்க்கச் சிறந்த நேரம் மழை பெய்யும் நேரமே. இடி மின்னல் இல்லாத மழையில் குடையோடு போய், நிலத்தின் தலைமாட்டில் நின்று பத்து நிமிடம் பார்த்தால், வெயில் நாளில் பத்து முறை நடந்தாலும் பிடிபடாத செய்தி கிடைக்கும். கலங்கிய நீர் எங்கே முதலில் தோன்றுகிறது, தெளிந்த நீர் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைகிறது என்ற இரண்டையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிட்டது. மழையில் போக முடியாதவர்கள் மழை விட்ட மறுநாள், உழவு செய்வதற்கு முன் போக வேண்டும். உழவு எல்லாத் தடயங்களையும் அழித்துவிடும்.

அறிகுறி 1: ஓடை எதுவும் இல்லை, ஆனாலும் மேல்மண் குறைந்துகொண்டே வருகிறது

ஆண்டுக்கு ஆண்டு கற்கள் கூடுதலாகத் தெரிகின்றன, செடியின் வேர்க்கழுத்து வெளியே வந்துவிட்டது, நிலத்தின் ஒரு பகுதி வெளிறிப்போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வாய்க்கால் இல்லாததால் இதை அரிப்பு என்று பலர் ஒப்புக்கொள்வதில்லை. இங்கே இரண்டு வேறுபட்ட காரணங்கள் ஒரே தோற்றத்தைத் தருகின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் மருந்து கொடுத்தால் பணமும் உழைப்பும் வீண்.

முதலாவது படல அரிப்பு. பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து வெற்று மண்ணில் மோதும்போது மண்கட்டி சிதறி, துகள்கள் நான்கு புறமும் தெறிக்கின்றன. சரிவில் கீழ்நோக்கித் தெறிப்பவை அதிக தூரம் போகின்றன. மீதியை மெல்லிய நீர்ப்படலம் இழுத்துச் செல்கிறது. இதற்கான தடயத்தைத் தரையோடு தரையாகக் குனிந்து தேட வேண்டும். சிறு கல்லோ காய்ந்த இலையோ காப்பாற்றிய மண் மட்டும் அதன் அடியில் குட்டித் தூணாக நிற்கும். சுற்றியிருந்த மண் போயிருக்கும். அந்தத் தூணின் உயரம் கடைசி உழவுக்குப் பிறகு அவ்விடத்தில் போன மண்ணின் கனம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் கனம் என்பது 10 கன மீட்டர். மண்ணின் பரும அடர்த்தியை ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்று கொண்டால் அது 13 டன். ஆகவே தூண்கள் சராசரியாக அரை சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே, அந்த அளவு நிலம் முழுவதற்கும் பொருந்துமானால், 65 டன் என்று ஆகிறது. தூண்கள் வெற்றிடங்களில்தான் உருவாகும் என்பதால் இதை நிலம் முழுவதற்கும் நேரடியாகப் பெருக்கிவிடாமல், வெறுமையாகக் கிடக்கும் பரப்பின் பங்குக்கு மட்டும் கணக்கிட்டுப் பார்ப்பது முறை.

இரண்டாவது காரணம் உழவு. சரிவில் கலப்பை மண்ணைப் புரட்டும்போது கீழ்நோக்கி விழும் மண் மேல்நோக்கி விழும் மண்ணைவிடத் தொலைவில் போய் விழுகிறது; மழை ஒரு துளி பெய்யாவிட்டாலும் ஒவ்வொரு உழவிலும் மண் இறங்கிக்கொண்டே இருக்கும். இதை அடையாளம் காண வெளிறிய இடம் எது என்று பார்த்தால் போதும். மேட்டின் உச்சியும் மேல் வரப்புக்கு உடனே கீழுள்ள பட்டையும் வெளிறி, கீழ் வரப்பை ஒட்டி மண் மேடாகக் குவிந்திருந்தால் பழி உழவின் மீது. மேட்டு உச்சியில் ஓடுவதற்கு நீரே சேர்ந்திருக்காது என்பதை நினைவில் கொண்டால் இந்த வேறுபாடு தானே விளங்கும். நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் மெலிந்திருந்தால் நீரைச் சந்தேகிக்க வேண்டும்.

படல அரிப்புக்கு மூடாக்கு. நிலப்பரப்பில் 30 சதவீதம் பயிர்க்கழிவால் மூடப்பட்டிருந்தாலே வெற்று நிலத்தோடு ஒப்பிடுகையில் அரிப்பு பாதிக்கு மேல் குறைகிறது. முடிச்சுக் கயிற்றைப் பயிர் வரிசைக்குக் குறுக்குவாட்டில் சாய்வாக விரித்து, எத்தனை முடிச்சுகளுக்கு நேர் அடியில் தழையோ வைக்கோலோ இருக்கிறது என்று எண்ணினால் அதுவே சதவீதம். விளிம்பில் பட்டும் படாமலும் இருப்பதை எண்ணக் கூடாது. உழவால் மண் இறங்கினால் மூடாக்கு அதை நிறுத்தாது. உழவின் எண்ணிக்கையையும் ஆழத்தையும் குறைக்க வேண்டும். புரட்டும் கலப்பை வைத்திருப்பவர்கள் சரிவுக்குக் குறுக்கே ஓட்டி மண்ணை மேட்டுப் பக்கமாகப் புரட்ட வேண்டும். கீழ் வரப்பில் குவிந்த மண்ணை மேலே கொண்டுபோய்ப் பரப்புவதும் நடைமுறையில் உள்ள தீர்வுதான்.

அறிகுறி 2: விரல் பருமனில் பல சிற்றோடைகள்

மழைக்குப் பின் நிலத்தில் சீப்பால் இழுத்ததுபோல் கோடுகள் விழுந்திருந்தால் படலமாக ஓடிய நீர் சேர்ந்து வலுப்பெற்றுவிட்டது என்று பொருள். இது ஒரு வகையில் நல்ல அறிகுறி, ஏனெனில் இதை அளக்க முடியும்.

சரிவுக்குக் குறுக்கே 20 மீட்டர் கயிறு கட்டி, அது கடக்கும் ஒவ்வொரு சிற்றோடையின் அகலத்தையும் ஆழத்தையும் எழுதுங்கள். எட்டுச் சிற்றோடைகள், ஒவ்வொன்றும் சராசரி 12 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் குறுக்குவெட்டு 60 சதுர சென்டிமீட்டர், எட்டுக்கும் 480. இதை 20 மீட்டர் அகலத்துக்குப் பரப்பினால் 2.4 மில்லிமீட்டர் கனம் வருகிறது. ஹெக்டேருக்கு 24 கன மீட்டர், சுமார் 31 டன். குறுக்குவெட்டு பெட்டி போல் இல்லாமல் கூம்பி இருந்தால் இதில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே கயிற்றில் நின்றுவிடாமல் மேலும் நடுவிலும் கீழும் அளந்து சராசரி காண வேண்டும். கீழே மட்டும் அளந்தால் அச்சுறுத்தும் எண்ணும், மேலே மட்டும் அளந்தால் ஆறுதல் தரும் எண்ணும் கிடைக்கும். சிற்றோடைகளுக்கு இடையே படலமாகப் போன மண் இதில் அடங்கவில்லை என்பதையும் குறிப்பேட்டில் ஓரமாக எழுதி வையுங்கள்.

அடுத்து, சிற்றோடைகள் நிலத்தின் மேல் விளிம்பிலிருந்து எத்தனை மீட்டரில் தொடங்குகின்றன என்று பாருங்கள். என் பார்வையில் இதுவே இந்தப் பகுதியின் மிகப் பயனுள்ள அளவு, ஆனால் எடுப்பவர்கள் குறைவு. 15 மீட்டரில் தொடங்கினால், அந்த மண்ணும் அந்த மூடாக்கும் அந்த மழையும் சேர்ந்து 15 மீட்டர் ஓட்டத்தைத் தாங்கின என்று நிலமே சொல்லிவிட்டது. நீரைத் தடுக்கும் புல் வரிசையோ வரப்போ அந்தத் தொலைவுக்கு மேலே அமைய வேண்டும். கீழே அமைத்தால் ஏற்கெனவே வலுப்பெற்ற ஓட்டத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் சிற்றோடைகள் மேல் விளிம்பிலேயே தொடங்கினால் நீர் வெளியிலிருந்து வருகிறது. மேலே உள்ள பாதை, பாறைப் பரப்பு, கூரை, அடுத்தவர் நிலம் ஆகியவற்றில் ஒன்று அதன் பிறப்பிடம். உங்கள் நிலத்துக்குள் என்ன செய்தாலும் அது தீராது. மேல் விளிம்பில் வெட்டுவாய்க்கால் அமைத்து நீரைப் பாதுகாப்பான வடிகாலுக்குத் திருப்புவதே முதல் வேலை.

சிற்றோடைகள் உழவுச் சால்களோடு ஒத்துப்போனால் உழவு மேலிருந்து கீழாக நடக்கிறது. குறுக்கே உழச் சொல்வது எளிது. சமமட்டம் தவறிக் குறுக்கே உழுவது சில வேளைகளில் நேராக உழுவதைவிட மோசமான விளைவைத் தரும். ஒவ்வொரு சாலும் தாழ்ந்த ஓரிடத்தை நோக்கி நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க, அங்கே ஒரு சால் உடைந்து, கீழுள்ள சால்கள் வரிசையாக உடைந்து, காலையில் சமமட்ட உழவாக இருந்தது மாலையில் பள்ளமாகிவிடும். ஆகவே கண்மதிப்பில் உழாமல், மட்டக்குழாயாலோ தூக்குக்குண்டு கட்டிய முக்கோணச் சட்டத்தாலோ சமமட்டக் கோட்டைக் குறித்துக்கொண்டு அதைத் தழுவி உழ வேண்டும். சமமட்ட உழவு மிகுந்த பலன் தருவது 3 முதல் 8 சதவீதச் சரிவில். அங்கே அரிப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. சரிவு 20 சதவீதத்தைத் தாண்டும்போது உழவுத் திசை மட்டும் பெரிதாக எதையும் காப்பாற்றாது.

அறிகுறி 3: மூடினாலும் அதே இடத்தில் மீண்டும் பள்ளம்

ஒவ்வோர் ஆண்டும் உழும்போது மூடிவிடும், முதல் பெருமழையில் அதே தடத்தில் திரும்ப விழும் பள்ளத்தைத் தற்காலிகப் பள்ளம் என்று பலரும் பொருட்படுத்துவதில்லை. அது தற்காலிகம் அன்று. நிலத்தின் தாழ்ந்த தடத்தில் நீர் இயல்பாகச் சேருமிடம் அது. ஒவ்வொரு முறையும் சுற்றுப்புறத்து மேல்மண்ணைக் கொண்டுவந்து அதில் நிரப்பி, வாரிச் செல்வதற்கு வாகாக இளக்கிக் கொடுக்கிறோம். இந்தத் தடத்தில் உழவை நிறுத்தி, அகலமான ஆழமற்ற வடிவத்தில் அடர்ந்த புல் வளர்த்து, புல்வழி நீரோட்டமாக நிலையாக விட்டுவிடுவதே முறையான தீர்வு. புல் வேரூன்றும் வரை நீரை வேறு பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

உழவால் மூட முடியாத அளவுக்கு ஆழமான பள்ளத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதன் தலை. பள்ளம் மேல்நோக்கித்தான் வளரும். தலையில் செங்குத்தான உதடு இருக்கும். அதன்மேல் வந்து விழும் நீர் அடியில் குழி பறிக்க, அடி ஆதாரம் போன உதடு சரிந்து விழ, தலை மேலும் பின்வாங்கும். உதட்டிலிருந்து சரியாக ஒரு மீட்டர் மேலே ஒரு முளை அடித்து, பெருமழைகளுக்குப் பின் தொலைவை அளந்து பாருங்கள். தொலைவு குறையாமல், பள்ளத்தின் பக்கங்களிலும் தரையிலும் களைகள் முளைத்திருந்தால் பள்ளம் ஓய்ந்துவிட்டது. அதில் கைவைப்பது தேவையற்ற செலவு. குறைந்துகொண்டே வந்தால் இந்த வரிசையில் செயல்பட வேண்டும்: தலைக்கு வந்து சேரும் நீரை மேலேயே திருப்புதல் அல்லது குறைத்தல், பிறகு உதட்டைச் சாய்வாக வெட்டிக் கல்லும் புல்லும் பதித்தல், அதன் பிறகே பள்ளத்துக்குள் தடுப்பணைகள்.

தடுப்பணைகள் தோற்பதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. நடுப்பகுதி பக்கங்களைவிடத் தாழ்வாக இல்லாததால் நீர் ஓரமாகச் சுற்றிப் போய்க் கரையை அறுக்கிறது. அணையின் இரு முனைகளும் கரைக்குள் போதிய அளவு பதியவில்லை. வழிந்து விழும் நீரைத் தாங்க அடியில் கல்தளம் இல்லை. இடைவெளிக்கு எளிய விதி ஒன்று உண்டு: கீழணையின் வழிவாய் மட்டமும் மேலணையின் அடிமட்டமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தின் தரை எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு நெருக்கமாக அணைகள் அமையும்.

அறிகுறி 4: சாதாரண மழைக்கே நீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது

இங்கே குற்றவாளி சரிவாக இல்லாமல் மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று சோதனைகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

மேற்பரப்பிலிருந்து பட்டாணி அளவுள்ள காய்ந்த மண்கட்டிகள் சிலவற்றை எடுத்துக் குவளையிலுள்ள மழைநீரில் மெதுவாகப் போட்டு, கலக்காமல் வையுங்கள். கட்டி உருவம் கலையாமல் நின்றால் மண்ணின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது. சில நிமிடங்களில் பொலபொலவென்று சிறு துணுக்குகளாக உதிர்ந்து, நீர் தெளிவாகவே இருந்தால் கரிமப் பொருள் குறைவு. மழை மோதும்போது இந்தத் துணுக்குகள் மண்ணின் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேற்பரப்பில் ஓடுபோல் இறுகிவிடும். கட்டியைச் சுற்றிப் பால்போன்ற மேகம் படர்ந்து பல மணி நேரம் தெளியாமல் நின்றால் களித்துகள்களே ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பெரும்பாலும் சோடியம் மிகுதி. முதல் வகைக் குறைபாட்டுக்குத் தொழுவுரம், மூடுபயிர், குறைந்த உழவு. இரண்டாவதற்கு மண் ஆய்வு செய்து, அதன் பரிந்துரைப்படி ஜிப்சம். இந்தச் சோதனைக்கு உப்பு கலந்த கிணற்று நீரைப் பயன்படுத்தினால் மேகம் தோன்றாமலே போகலாம். அதனால்தான் மழைநீர் வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன்.

இரண்டாவது சோதனை அடிமண் இறுக்கத்துக்கானது. மண் ஈரமாக இருக்கும்போது இரும்புக் கம்பியை ஒரே சீராக அழுத்துங்கள். உழவு ஆழம் வரை எளிதாக இறங்கி, அங்கே முட்டி நின்று, அதைத் தாண்டியதும் மறுபடி இளகினால் கலப்பையின் அடிப்பகுதி இறுக்கிய தட்டு இருக்கிறது. ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தால் வேர் அந்த ஆழத்தில் சப்பையாகிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். ஆழ உழவால் உடைக்கலாம். ஆனால் மண் காய்ந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும்போது, சமமட்டக் கோட்டில் மட்டுமே. ஈரத்தில் உழுதால் மண் பிசைபட்டு மேலும் இறுகும், சரிவோடு உழுதால் நீருக்கு வழி வெட்டிக் கொடுத்ததாகும்.

மூன்றாவது, மண்ணின் நயம் பார்ப்பது. குவளையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் ஊற்றி நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும், வண்டல் ஓரிரு மணி நேரத்தில் படியும், களி நாள்கணக்கில் மிதக்கும். வண்டல் அடுக்கு தடிமனாக இருந்தால் கவனம் தேவை. பருமணல் கனத்தால் நகர மறுக்கிறது, களி ஒட்டும் தன்மையால் நகர மறுக்கிறது, இடையிலுள்ள வண்டலும் மிக நுண்மணலும்தான் எளிதில் இழுபடுகின்றன. மண்ணின் நயத்தை மாற்ற முடியாது; இத்தகைய நிலம் ஒரு மழையிலும் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று பயிர்த் திட்டத்தைத்தான் மாற்ற முடியும்.

அறிகுறி 5: வரப்பு உடைகிறது

உடைந்த இடத்தை மட்டும் உயர்த்திக் கட்டினால் அடுத்த ஆண்டு பக்கத்தில் உடையும். முதலில் மட்டக்குழாயால் வரப்பின் மேல்மட்டத்தை முழு நீளத்துக்கும் பாருங்கள். உடைந்த இடம் தாழ்ந்த இடமாக இருந்தால் நீர் வழிந்து உடைத்திருக்கிறது. வரப்பின் கீழ்ப்பக்கச் சரிவில் அரித்த தடம் சாட்சி சொல்லும். மட்டம் சீராக இருந்தும் உடைந்திருந்தால் எலி, நண்டு வளைகளையோ, காய்ந்த களியின் வெடிப்புகளையோ தேடுங்கள். நீர் அடியில் கசிந்து குழாய்போல் வழி செய்துகொண்டிருக்கும். இரண்டும் இல்லை என்றால் வரப்பு தாங்கக்கூடியதைவிட அதிக நீர் வருகிறது. உறுதியான வழிவாய் இல்லாத வரப்பு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு ஆபத்தானது; தேங்கிய நீர் முழுவதும் ஒரே நேரத்தில் விடுபட்டுக் கீழுள்ள எல்லா வரப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும். வழிவாயைப் புல் வளர்ந்த இடத்தில், கல் பதித்து, வரப்பின் மேல்மட்டத்துக்குத் தாழ்வாக அமைத்த பிறகே உயரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அரிதாகக் காணும் மூன்று அறிகுறிகள்

நிலத்தின் நடுவே திடீரென்று குழி விழுந்து, கீழே வரப்போரத்தில் கலங்கல் நீர் வெளிவந்தால் மண்ணுக்குள் சுரங்கம்போல் அரிப்பு நடக்கிறது. பால்மேகச் சோதனையைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் சோடியம் மிகுந்த அடிமண் இருக்கும். குழியை மேலாக மட்டும் மூடுவதால் பயனில்லை.

மர நிழலில் வேர்கள் வெளியே தெரிந்தால் வியப்படைய வேண்டாம். ஏழெட்டு மீட்டர் உயரத்து இலைகளிலிருந்து சொட்டும் பெருந்துளி தரையை அடைவதற்குள் வேகத்தை ஏறக்குறைய முழுமையாகத் திரும்பப் பெற்றுவிடுகிறது. மரம் இருக்கிறது என்பது மண் மூடப்பட்டிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. சருகைக் கூட்டி அள்ளாமல் விட்டாலே பாதி தீரும்.

சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்த மரங்கள், அடிவாரத்தில் உப்பிய மண், புதிதாகத் தோன்றிய ஊற்று ஆகியவை சேர்ந்து தெரிந்தால் அது மேல்மண் அரிப்பு இல்லை. நிலமே நகரத் தொடங்கியிருக்கிறது. அங்கே நீரை உள்ளே இறக்கும் குழிகளோ அகழிகளோ வெட்டுவது நிலச்சரிவை விரைவுபடுத்தும். இந்த வழிமுறையை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த இடத்தை விட்டு விலகி, நிலவியல் வல்லுநரை அழைக்க வேண்டும்.

அறிகுறி 6: கணக்கு குறைவு என்கிறது, நிலம் வேறு சொல்கிறது

அரிப்பு அபாயத்தைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் பொது மண் இழப்புச் சமன்பாட்டை அமெரிக்க வேளாண்துறைக்காக விஷ்மயரும் ஸ்மித்தும் 1965இல் கையேடாக வெளியிட்டு, 1978இல் விரிவாகத் திருத்தினார்கள். 1997இல் அதன் திருத்திய வடிவம் வந்தது. மழையின் அரிக்கும் வலிமை, மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, பயிர் மூட்டம், பாதுகாப்பு முறை ஆகியவற்றின் பெருக்குத்தொகையே ஆண்டுச் சராசரி மண் இழப்பு. 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட வெற்றுத் துண்டு நிலம் அதன் அளவுகோல். அத்தகைய நிலத்துக்குச் சரிவுக் காரணி 1.

கணக்கு பிழைபடும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாகை, சதவீதக் குழப்பத்தை முன்பே சொல்லிவிட்டேன். அடுத்தது சரிவின் நீளம். நீர் ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து மண் படியும் இடம் வரையோ தெளிவான வாய்க்காலில் சேரும் இடம் வரையோ உள்ளதுதான் நீளம்; உங்கள் வரப்புக்கு வரப்பு உள்ள தொலைவு அன்று. நிலம் 40 மீட்டர், அதற்கு மேலே தடையின்றி நீரை இறக்கும் சரிவு 50 மீட்டர் என்றால் 90 மீட்டரைப் போட வேண்டும். 5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள சரிவுகளில் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அரிப்பு கூடுவதால், இந்த ஒரு தவறே விடையை ஒன்றரை மடங்கு மாற்றிவிடுகிறது. செங்குத்தின் பங்கு இன்னும் பெரிது: சரிவு 9 சதவீதத்திலிருந்து 18 ஆக இரட்டித்தால் 1978ஆம் ஆண்டு வாய்பாட்டின்படி அரிப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. எனவே சரிவு நீளத்தை வரப்பால் துண்டிப்பதைக் காட்டிலும் செங்குத்தான பகுதியைச் சாகுபடியிலிருந்து விலக்கிப் புல்லுக்கோ மரத்துக்கோ விடுவது பல நிலங்களில் அதிகப் பலன் தரும். நில உரிமையாளர்கள் விரும்பாத அறிவுரைதான் இது.

மழைக்கு ஆண்டு மொத்தத்தைப் பார்த்து அமைதி அடையக் கூடாது. சமன்பாட்டின் மழைக் காரணி ஒவ்வொரு மழையின் ஆற்றலையும் அதன் உச்ச 30 நிமிடத் தீவிரத்தையும் பெருக்கிக் கூட்டுவது. தூறலாகப் பெய்த பல நாள் மழையைவிட அரை மணி நேரம் கொட்டிய ஒரு மழை அதிகச் சேதம் செய்யும். பயிர் மூட்டக் காரணிக்கு முழு வளர்ச்சியடைந்த பயிரின் மதிப்பை ஆண்டு முழுவதற்கும் போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் எழுதி, தீவிர மழை வரும் மாதங்களை ஒரு நிறத்திலும் மண் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களை வேறு நிறத்திலும் தீட்டுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் வாரங்கள்தான் உங்கள் அபாயம். விதைப்பை இரண்டு வாரம் முன்னே நகர்த்துவதோ, முந்தைய பயிரின் தாளை அறுக்காமல் விடுவதோ அந்த வாரங்களை மூடிவிடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கணக்குக்கும் நிலத்துக்கும் பொருத்தம் இல்லை என்றால், நிலத்தில் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சமன்பாடு படல அரிப்பையும் சிற்றோடை அரிப்பையும் மட்டுமே கணக்கிடுகிறது; பள்ள அரிப்பும் உழவு இறக்கமும் நிலச்சரிவும் அதன் எல்லைக்கு வெளியே உள்ளவை. கிடைத்த எண்ணை ஒரு நிலத்தின் உறுதியான இழப்பாகக் கொள்ளாமல், எந்தப் பகுதிக்கு முதலில் செலவு செய்வது என்று வரிசைப்படுத்தப் பயன்படுத்தினால் அது நல்ல கருவி. ஒப்பிடுவதற்கு, அமெரிக்க நடைமுறையில் பொறுக்கத்தக்க இழப்பாக மண்ணின் ஆழத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 2 முதல் 11 டன் வரை வைத்திருக்கிறார்கள். மேலே சிற்றோடைகளில் கண்ட 31 டன் அந்த உச்ச வரம்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

செய்த வேலை பலித்ததா என்று பார்ப்பது

மெல்லிய இரும்புக் கம்பிகளைச் சரிவின் நீளவாக்கில் வரிசையாக அடித்து, தரைக்கு மேலுள்ள நீளத்தை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அளக்கும் முறை மலிவானது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் அளவுப் பிழை 13 டன்னுக்குச் சமம் என்பதால் நான்கைந்து கம்பிகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சில பத்துக் கம்பிகளும் இரண்டு மூன்று மழைக்காலங்களும் வேண்டும். மண் உப்புவதும் படிவதும் அளவை ஏமாற்றும். உழும் நிலத்தில் கம்பி நிற்காது. அங்கே ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அதே இடத்தில் 20 மீட்டர் கயிறு கட்டிச் சிற்றோடைகளை எண்ணுவதே நம்பகமானது. கயிற்றின் இரு முனைகளையும் வரப்பில் நிலையான கல்லில் குறித்து வையுங்கள். நினைவை நம்பி அடுத்த ஆண்டு கட்டும் கயிறு நான்கு மீட்டர் தள்ளிப் போய், இல்லாத முன்னேற்றத்தைக் காட்டும்.